கொடி வாடுகிறதா? முதலில் சாடியைத் தூக்கிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் யாருடைய மணிபிளான்ட் வாடினாலும் அது கடைசியில் என் விறாந்தைக்கு வந்து சேரும். நான் விவசாயம் படித்தவன் இல்லை. பல கொடிகளைச் சாகடித்த பிறகு கை பழகியது, அவ்வளவுதான். வருகிற கோளாறுகளும் புதிது இல்லை. அதே ஐந்தாறுதான் மாறி மாறி வரும். அவற்றில் முக்கால்வாசி தண்ணீரால் வருபவை. ஒன்றில் ஊற்றும் கை கூடிப் போயிருக்கும், இல்லாவிட்டால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு வேலை காட்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

மணிபிளான்ட், மொன்ஸ்டெரா, படரும் பிலோடென்ட்ரன் மூன்றுக்கும் இது பொருந்தும். மூன்றும் சேம்புக்கும் கருணைக்கிழங்குக்கும் சொந்தக்காரர்; காட்டில் மரத்தைப் பற்றி ஏறுகிறவை. உங்கள் செடியின் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேரே போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலில் சொல்லி, செலவு வைப்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

## எதற்கும் முன் இந்த மூன்றும்

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். மேல் மண் காய்ந்து வெளிறி இருக்கும்போதே உள்ளே சேறாக இருப்பது சர்வசாதாரணம்.

சாடியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்ட உடனே ஒரு தடவை, நாலைந்து நாள் கழித்து ஒரு தடவை தூக்கினால் பாரத்தின் வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிடும். பிறகு விரல்கூடத் தேவைப்படாது.

தூக்கிய கையோடு அடியையும் பாருங்கள். துளை இருக்கிறதா? வேர் வந்து துளையை அடைத்திருக்கிறதா? பிளாஸ்டிக் சாடியை அழகான வெளிச்சாடி ஒன்றுக்குள் இறக்கி வைத்திருந்தால், அதற்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? என் முதல் மொன்ஸ்டெரா போனது இப்படித்தான். மாரி காலம், நான் ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளிச்சாடியைச் சரித்தபோது நாலு விரல் உயரத்துக்குக் கறுத்த தண்ணீர் இருந்தது. ஊறப்போட்ட பொச்சுமட்டையின் நாற்றம்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யுங்கள். இடத்தையும் மண்ணையும் பசளையையும் ஒரே நாளில் மாற்றினால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, செத்தாலும் தெரியாது.

## இலை மஞ்சளாகிறது

### அடியில் ஒரு பழைய இலை மட்டும் என்றால்

ஒன்றும் செய்யாதீர்கள். அது வயதான இலை. தானாகக் கழன்று வரும்வரை விட்டு, பிறகு எடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு போவதும் நுனியில் புதிது வருவதும் நல்ல கணக்குத்தான்.

### பல இலை ஒன்றாக மஞ்சள், விரலுக்கு ஈரம் தெரிகிறது

“தம்பி, நான் ஒருநாளும் தண்ணி விடாமல் இருந்ததில்லை, பிறகும் ஏன் மஞ்சளாகுது?” என்று சாடியோடு வந்த அன்ரியின் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது.

முதலில் ஊற்றுவதை நிறுத்துங்கள். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டுங்கள். வெளிச்சம் கூடிய, காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துங்கள், ஆனால் நேர் வெயிலுக்கு வேண்டாம். இரண்டு கணு ஆழம் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று எல்லாரும் கேட்பார்கள். என் விறாந்தையில் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை. ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் அதே சாடிக்குப் பத்து நாள் தாண்டியும் தேவைப்படாது. வைகாசியில் பழகிய கையால் கார்த்திகையில் ஊற்றுவதால்தான் பாதிச் செடிகள் போகின்றன. ஆகவே நாளை எண்ணாதீர்கள், சாடியைத் தூக்குங்கள்.

மாரி இல்லாத நாளிலும் பத்து நாள் கழித்து மண் காயவில்லையா? அப்போ கோளாறு மண்ணில். முற்றத்துச் செம்மண்ணை அப்படியே சாடிக்குள் அடைத்திருப்பார்கள். அது வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தங்கம், சாடிக்குள் கொஞ்ச நாளில் இறுகிக் கல்லாகிவிடும். நான் கலப்பது இப்படி: தும்புத் துண்டுகளும் தும்புத் தூளுமாக இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, கடலையளவு உடைத்த சிரட்டைக்கரி ஒரு பங்கு. தும்பை முதலில் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள், சில தும்பில் உப்பு இருக்கும்.

மண்ணை மாற்றும்போது வேரையும் பார்த்துவிடலாம். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ விறைப்பாக இருந்தால் நல்ல வேர். கபிலமாகி, விரலால் உருவினால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, மிஞ்சிய வேருக்கு அளவான சின்னச் சாடியில் வையுங்கள். பெரிய சாடி என்றால் மண் மறுபடி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

### புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இது யாழ்ப்பாணத்து வருத்தம் என்றே சொல்வேன். எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளைப் படையாகப் படிகிறதே, அதேதான் சாடி மண்ணிலும் மெல்ல மெல்லப் படிகிறது. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் சுண்ணாம்பு அதைச் செடிக்குக் கிடைக்காமல் கட்டி வைத்துவிடும். பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதிதாக விரியும் இலை மட்டும் வெளிறும்.

உறுதி செய்வது சுலபம். சாடி விளிம்பிலும் மேல் மண்ணிலும் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

செலவில்லாத வழி மழைத் தண்ணீர். மாரியில் முதல் மழை கூரையைக் கழுவிய பிறகு வருவதைப் பிடித்து மூடி வையுங்கள். அது தீர்ந்தால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் தெளிவை மட்டும் எடுக்கலாம். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியிலேயே நின்றுவிடும். ஆனால் தீவுப் பக்கம், கடற்கரைப் பக்கம் உவர்த் தண்ணீருக்கு இந்த வித்தை பலிக்காது. கொதிக்கவைத்தால் உப்புப் போவதில்லை, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். குடிக்க வாங்கும் சுத்திகரித்த தண்ணீரில் கொஞ்சம் கொடுக்கலாம், ஏசி குழாயில் சொட்டுவதையும் பிடித்து ஊற்றலாம். வீட்டில் வடிகட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுக் குழாயில் வருவதை வீணாக்காமல் செடிக்கு விடுகிறார்கள். தயவுசெய்து இந்தச் செடிகளுக்கு வேண்டாம், வடித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பொருக்குத் தடித்துப் போயிருந்தால் மேல் மண் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் புதுக் கலவை போடுங்கள். அப்புறமும் புது இலை வெளிறினால் விவசாய மருந்துக் கடையில் செடிகளுக்கென்று விற்கும் கரையும் இரும்புச்சத்தை வாங்கி, பொதியில் சொன்ன அளவில் இலைக்கு விசிறுங்கள். தண்ணீரை மாற்றாமல் மண்ணுக்கு இரும்பு ஊற்றினால் அதையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். துருப்பிடித்த ஆணியைச் சாடியில் புதைப்பதும் அதே கதைதான். ஏற்கெனவே வெளிறிய இலை முழுதாகப் பச்சைக்குத் திரும்பாமலும் போகலாம். அடுத்த இலையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

### எல்லா இலையும் மெல்ல வெளிறுகிறது, பழையவை முதலில்

இரண்டு மூன்று வருடமாக ஒன்றும் போடாத சாடி. இரண்டு கைப்பிடி கூட்டெரு போதும். மட்காத பச்சைச் சாணமும் கோழி எருவும் வீட்டுக்குள் வேண்டாம், வேரைக் கருக்கும், மணக்கவும் செய்யும்.

## இலை தொங்குகிறது

சாடி பாரமில்லாமல் இருந்தால் தாகம். ஊற்றுங்கள், மாலைக்குள் நிமிர்ந்துவிடும்.

ஊற்றியும் நிமிரவில்லை, ஊற்றிய தண்ணீர் உடனே அடியால் ஓடிவிட்டது என்றால், தும்பு முற்றாகக் காய்ந்து தண்ணீரைத் தள்ளுகிறது. சாடியின் ஓரத்தால் தண்ணீர் வழுக்கி இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். சாடியை ஒரு வாளித் தண்ணீரில் பாதி உயரத்துக்கு அரை மணி நேரம் வைத்து, எடுத்து வடியவிடுங்கள்.

சாடி பாரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள். இங்கேதான் பலரும் இன்னும் இரண்டு கோப்பை ஊற்றிக் கதையை முடித்து வைப்பார்கள். மேலே சொன்னபடி வேரைப் பாருங்கள்.

## நுனியும் ஓரமும் கருகுகிறது

சோளகக் காற்று நேரே அடிக்கும் யன்னலா, அல்லது ஃபானுக்கு நேர் கீழா? இரண்டு முழம் தள்ளி வைத்தாலே பாதி குறையும். இலைக்குத் தண்ணீர் விசிறுவதால் பெரிய நன்மை இல்லை; கிணற்றுத் தண்ணீரால் விசிறினால் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளிதான் மிச்சம்.

காற்று இல்லாமலும் கருகினால் உப்பு அல்லது கூடிய பசளை. மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ எடுத்து, சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி அடியால் ஓடவிடுங்கள். கிணற்றடியில் வைத்துச் செய்தால் வீடு நனையாது. இரண்டு மாதத்துக்குப் பசளையைத் தொடாதீர்கள்.

## தண்டு நீளுகிறது, இலை சிறுக்கிறது

### வெளிச்சம் போதாது

பழைய நாற்சார் வீடுகளில் நடுமுற்றத்தைச் சுற்றிய விறாந்தையில் இந்தக் கொடிகள் கேட்காமலே வளரும். உள் அறைகளோ நண்பகலிலும் இருட்டு. சோதனை இதுதான்: நடுப்பகலில், லைற் போடாமல், சாடி நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதற்கு ஒரு சாண் மேலே கையைப் பிடியுங்கள். நிழல் விழுவதே தெரியவில்லை என்றால் அந்த இடம் செடிக்கு உதவாது. மங்கலாகத் தெரிந்தால் பிழைக்கும். தெளிவாகத் தெரிந்தால் வளரும்.

### வெளிச்சம் இருந்தும் சிறுக்கிறது

ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. வேலியோர மாமரத்தில் ஏறிய மணிபிளான்ட்டைப் பார்த்திருப்பீர்கள், இலை ஒவ்வொன்றும் சுளகு அகலம். வீட்டுக்குள் அலுமாரியிலிருந்து தொங்குவதும் அதே செடிதான். ஏறும்போது இலை பெருக்கும், தொங்கும்போது சிறுக்கும்.

கொழுகொம்பைக் கடையில் வாங்கத் தேவையில்லை. ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டு மூன்று அடி, தென்னையில் கழன்று விழும் பன்னாடை நாலைந்து, கொஞ்சம் தும்புக் கயிறு. பன்னாடையைத் தண்ணீரில் நனைத்தால் துணி மாதிரி வளையும். அதைக் குழாயில் இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றிக் கயிற்றால் இறுக்குங்கள். பிளாஸ்டிக் குழாயில் நேரடியாக வேர் பிடிக்காது, பன்னாடையின் வலைக்குள் ஓடிப் பிடித்துக்கொள்ளும். குழாயைச் சாடியின் அடிவரை இறக்கி மண் போட்டு இறுக்குங்கள். தண்டில் இலை முளைக்கும் கணுவைப் பாருங்கள். அதற்கு எதிரே கபில நிறத்தில் ஒரு சிறு முட்டு நிற்கும், அதுதான் காற்று வேர். அந்த முட்டு பன்னாடையைத் தொடும்படி வைத்து, பழைய சாரத்தைக் கிழித்த துணி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். இலைக் காம்பைக் கட்டாதீர்கள், வெளிச்சத்தைத் தேடி அது திரும்பவேண்டும். பன்னாடையை அடிக்கடி ஈரப்படுத்தினால்தான் வேர் உள்ளே போகும்.

ஏற்கெனவே மொட்டையாக நீண்ட தண்டில் இலை திரும்ப வராது. அதை வெட்டிப் பதியம் வைத்து அதே சாடியில் நடுங்கள், சாடி நிறைந்துவிடும்.

மொன்ஸ்டெரா இலையில் பிளவு வரவில்லை என்ற முறைப்பாடும் இதே கணக்குத்தான். வெளிச்சமும் கொழுகொம்பும் கொடுத்துப் பொறுத்திருங்கள். இளஞ்செடிக்குப் பிளவு வராது.

## வெள்ளை வரி போய் முழுப் பச்சை

வெளிச்சக் குறைவு. யன்னலுக்குக் கிட்ட நகர்த்துங்கள். ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகப் போனால், வரி உள்ள கடைசி இலைவரை பின்னுக்கு வெட்டிவிடுங்கள். விட்டால் பச்சைக் கிளை மற்றதை முந்திக்கொண்டு ஓடும்.

## வெளிறிய, காய்ந்த திட்டு

வெயில் சுட்டது. சித்திரை மாதத்து மேற்கு யன்னலைச் சந்தேகப்படுங்கள். மெல்லிய திரை ஒன்று போதும். சுட்ட இடம் ஆறாது, பரவவும் செய்யாது.

பரவுகிறது, நனைந்த மாதிரி இருக்கிறது, சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் அது வெயில் இல்லை, நோய். அந்த இலைகளை வெட்டி, கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்து, சாடியைத் தனியாக ஒதுக்குங்கள். ஒரு கிழமையில் அடுத்த இலைக்கும் ஏறினால் கீழே ‘எப்போது ஆளைக் கூப்பிடுவது’ பகுதிக்குப் போங்கள்.

## இலையில் பிசுபிசுப்பு, பஞ்சு, தூசு

எறும்பு வரிசை ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். எறும்பு சும்மா ஏறாது, இனிப்புக் கசியும் பூச்சி ஒன்று மேலே இருக்கிறது.

காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு என்றால் மாவுப்பூச்சி. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தண்டில் ஒட்டிய கபிலச் செதில் என்றால் நகத்தால் சுரண்டிவிட்டு அதையே செய்யுங்கள்.

இலை மேல் நுண்புள்ளிகளாக வெளிறி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். கண்ணுக்கு லேசில் தெரியாது. வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள், விழுந்த தூசு நடந்தால் அதுதான். சோளகக் காலத்து வரட்சியில் இது கூடும். குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

இவற்றோடு முடியாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், இரண்டு மூன்று துளி பாத்திரம் கழுவும் திரவம். நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் இரு பக்கமும் விசிறுங்கள். முதலில் ஒரு இலைக்கு விசிறி ஒருநாள் பார்த்துவிடுவது நல்லது. கிழமைக்கு ஒருமுறை, மூன்று நாலு கிழமை. ஒரே தடவையில் முட்டை சாகாது. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், குழந்தை படுக்கும் அறைக்கு அது தேவையே இல்லை.

## மண்ணிலிருந்து கொசுகு, போத்தலில் புழு

சாடியைத் தொட்டால் சின்னக் கறுப்புக் கொசுகு கிளம்பினால் மேல் மண் எப்போதும் ஈரம் என்று பொருள். காயவிடுங்கள். தேத்தண்ணி வடித்த சக்கையைச் சீனியோடும் பாலோடும் சாடியில் கொட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

போத்தல் தண்ணீரில் வளர்க்கும் மணிபிளான்ட்டில் நெளிவது நுளம்புப் புழு. டெங்கு நுளம்புக்கு இந்தத் தெளிந்த தண்ணீர் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்டால் உங்களுக்கும் தலையிடி. கிழமைக்கு இரண்டு தடவை தண்ணீரைக் கொட்டுவதோடு போத்தலின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில்தான் ஒட்டியிருக்கும். மாரி மாதங்களில் நான் எல்லாப் போத்தலையும் மண்ணுக்கு மாற்றிவிடுவேன்.

காலையில் இலை நுனியில் தெளிந்த சொட்டு நிற்பதைக் கண்டு பயந்து வருகிறவர்களும் உண்டு. அது செடி கூடுதல் தண்ணீரை வெளியே விடுவது. நோய் இல்லை.

## தண்டின் அடி கறுத்து மெத்தென்று ஆகிறது

இதில்தான் நேரம் முக்கியம். அடி போனால் அந்த வேர்த்தொகுதி போனதுதான், மேல் பாதியைக் காப்பாற்றுவதே வேலை. கறுப்புக்கு மேலே, வெட்டு முகம் சுத்தப் பச்சையாகத் தெரியும்வரை சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டு போங்கள். துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு கணுவாவது இருக்கவேண்டும். கணு இல்லாத இலை தண்ணீரில் மாதக்கணக்காகப் பச்சையாக நிற்கும், கொடியாக மாட்டாது. வெட்டு முகத்தைச் சில மணி நேரம் காயவிட்டு, கணு மட்டும் மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். மணிபிளான்ட் இரண்டு மூன்று கிழமையில் வேர்விடும், மொன்ஸ்டெராவுக்குப் பொறுமை வேண்டும். பழைய மண்ணைத் திரும்பப் பாவிக்காதீர்கள். சாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

நனைந்த திட்டு இலைக்கு இலை பரவினால், நாலு கிழமை வேப்பெண்ணெய்க்கும் பூச்சி அடங்காவிட்டால், ஒரு சாடியின் கோளாறு வீட்டில் மற்றச் சாடிகளுக்கும், முக்கியமாக முற்றத்து வெற்றிலை மிளகுக் கொடிகளுக்கும் தாவினால், நீங்களாக மருந்து தேடாதீர்கள். பாதிப்பு தொடங்கும் இலை ஒன்றையும் முற்றியது ஒன்றையும் தனித்தனிப் பையில் கட்டி உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம். கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள், எந்தத் தண்ணீர், என்ன போட்டீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்கும் சுகம்.

ஐந்து அடி மொன்ஸ்டெராவைச் சீமெந்துச் சாடியிலிருந்து மாற்றுவதற்கும் நாற்றுமேடைக்காரர் ஒருவரைக் கூலிக்கு அழையுங்கள். நான் தனியாக முயன்று நடுத்தண்டை முறித்தேன், மூன்று நாள் இடுப்பும் பிடித்துக்கொண்டது.

வெட்டும்போது கையுறை போடுங்கள். இவற்றின் சாறு சேம்பைப் போலவே அரிக்கும். குழந்தை இலையைக் கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். நாக்கு வீங்கினாலோ விழுங்கவும் மூச்சுவிடவும் கஷ்டப்பட்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

வெட்டிய தண்டுகளை வேலிக்கு வெளியே எறியாதீர்கள், ஒரு கணு மண்ணில் பட்டால் போதும். எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு தென்னையை முழுதாக மூடி நிற்கும் கொடி, நான் பத்து வருடத்துக்கு முன் மதிலுக்கு மேலால் வீசிய துண்டுதான்.